துப்பாக்கி லாக்கர் வாங்கப் போறீங்களா? கோத்தகிரி ஓதத்துல ஒரு மழைக்காலம் ஓட்டுன அனுபவம்

பொருள் என்னன்னா, நாலு துப்பாக்கி நிக்க வைக்கிற மாதிரி டிஜிட்டல் லாக்கர், உயரம் 54 இன்ச், ஷீட்டு 3 மி.மீ., வாங்குனது கோயம்புத்தூர்ல. லாக்கர் மட்டும் முப்பதாயிரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு. வண்டி வாடகை, மேல் ரோட்டுல இருந்து படிக்கட்டு வழியா வீட்டுக்கு இறக்குன கூலி, செவுத்துல போல்ட்டு அடிச்ச கூலி எல்லாம் தனி. கம்பெனி பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அதோட இதே டிசைன்ல வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி நிறைய வருது, அதனால நான் சொல்றது உங்க கைக்கு வர்ற லாக்கருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எங்க வீட்டுல இருக்கறது அப்பா பேர்ல இருந்த 12 போர் டபுள் பேரல். அப்பாவுக்கு 70 தாண்டிடுச்சு, 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ்ல லைசென்ஸ்தாரருக்கு 70 வயசானாலோ இல்ல 25 வருஷம் துப்பாக்கி வச்சிருந்தாலோ வாரிசு பேருக்கு மாத்திக்க வழி இருக்கு, அவர் போற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. அந்த வழில என் பேருக்கு வந்துச்சு. அலைச்சல் கதைய விட்டுடறேன், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், டாக்டர் சர்டிபிகேட், பயிற்சி சர்டிபிகேட், போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ். அதுல ஒண்ணுதான் வீட்டுல துப்பாக்கிய பத்திரமா பூட்டி வைக்க வசதி இருக்குனு நம்ம கைப்பட குடுக்கற உறுதி. அப்பா காலத்துல அது மர பீரோவுக்குள்ள பழைய கம்பளிக்கு பின்னாடி படுத்திருக்கும், சாவி சாமி ரூம்ல ஆணில தொங்கும். தெருவுக்கே தெரியும் சாவி எங்கனு.

விசாரிக்க வந்தவர் என்னப் பத்தி அக்கம்பக்கத்துல நல்லா துருவி துருவி கேட்டாரு, சண்டை சச்சரவு உண்டா, குடிப்பாரா, கேஸ் ஏதாவது இருக்கானு. கேக்க வேண்டியதுதான், தப்பே இல்ல. ஆனா துப்பாக்கி ராத்திரி எங்க தூங்குதுனு ஒரு வார்த்த கேக்கல. இங்கிலாந்துல ஷாட்கன் சர்டிபிகேட் குடுக்கறதுக்கு முன்னாடி போலீஸ்ல இருந்து வீட்டுக்கே வந்து கேபினெட் எங்க வச்சிருக்கீங்க, செவுத்தோட சேத்து மாட்டிருக்கீங்களானு பாப்பாங்க, அந்த கேபினெட்டுக்குன்னே பி.எஸ். 7558னு ஒரு தர நிர்ணயமே இருக்கு. நான் லாக்கர் கடைல இதுக்கு ஏதாவது டெஸ்ட் சர்டிபிகேட் உண்டானு கேட்டேன், "நல்ல ஹெவி பீஸ் சார், நாலு ஆளு வேணும் தூக்க"னாரு. அதுதான் சர்டிபிகேட்.

ஹெவிங்கறது உண்மை. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ரோட்டுல பிக்கப்ல ஏத்திட்டு வந்தோம், அது பிரச்சன இல்ல, ரோட்டுல இருந்து வீட்டுக்கு எறங்கறதுதான் பிரச்சன. மலைல வீடு கட்டுனவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, வீடு ரோட்டுக்கு கீழ இருக்கும், படி ஒரு ஆள் அகலம், ஒரு பக்கம் டீ செடி ஒரு பக்கம் ஓட. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி படி அகலத்தையும் வாசக்கால் உயரத்தையும் அளந்துக்கோங்க. செவுரும் பாத்துக்கோங்க, எங்க பழைய வீட்டு செவுரு கல்லும் மண்ணும், அதுல ஆங்கர் போல்ட்டு நிக்கவே இல்ல, பொலபொலன்னு கொட்டுச்சு. கடைசில புதுசா எடுத்த ரூம்ல கான்கிரீட் பில்லர் ஓரமா வச்சு, பின் பக்கம் ரெண்டு, அடில ரெண்டுனு நாலு போல்ட்டு அடிச்சோம். போல்ட்டு அடிக்காத லாக்கர்னா பூட்டியிருக்கற பெட்டிய அப்படியே தூக்கிட்டுப் போயிடுவாங்க, வெயிட்ட நம்பி விட்டுடாதீங்க.

நாலு ஸ்லாட் எதுக்குனு கேப்பீங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், அதுக்கு முன்னாடி மூணு இருந்துச்சு, ஸ்போர்ட்ஸ் ஷூட்டருங்களுக்கு மட்டும் தனி கணக்கு. ஒரு துப்பாக்கி வச்சிருக்கற எனக்கு மீதி மூணு ஸ்லாட் சும்மாதான். ஆனா ரெண்டு ஸ்லாட் மாடல்ல உயரம் பத்தல, டபுள் பேரல் முழுசா நின்னா கிட்டத்தட்ட நாலடி வந்துடும். குழல கழட்டி ரெண்டு துண்டா வைக்கிறதா இருந்தா சின்ன லாக்கரே போதும், விலையும் பாதி. யோசிச்சுப் பாத்தா அது நல்ல ஐடியா கூட, ஏன்னா குழல் ஒரு ரூம்லயும் தோள்ல சாய்க்கிற கட்டை ஒரு ரூம்லயும் பூட்டியிருந்தா ஒண்ண மட்டும் எடுத்து எவனும் ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப முக்கியமான விஷயம், ஓதம். கோயம்புத்தூர் கடைக்காரருக்கு இது புரியாது, அவர தப்பு சொல்லி பிரயோஜனம் இல்ல. எங்க பக்கம் ஊட்டி கூடலூர் மாதிரி ஜூன் ஜூலைல இல்ல, வடகிழக்கு மழைதான் பெருசு, அக்டோபர் நவம்பர்ல ஆரம்பிச்சா துணி காயாது, செருப்புல பூசணம் பூக்கும், உப்பு டப்பாவுல தண்ணி நிக்கும். இந்த லாக்கருக்கு உள்ள பாக்கறதுக்கு அழகா கறுப்பு ஸ்பாஞ்சும் வெல்வெட் மாதிரி துணியும் ஒட்டி குடுத்திருக்காங்க. அந்த ஸ்பாஞ்சு ஈரத்த உறிஞ்சி வச்சுக்கிட்டு குழல் எங்க படுதோ அங்க விடவே விடாது. மழை தொடங்கி கொஞ்ச நாள்லயே குழல் சாஞ்சிருந்த இடத்துல கோடு போட்ட மாதிரி காவி கலர் தெரிஞ்சுச்சு, நல்ல வேள மேலாப்புலதான், எண்ணெயும் மெல்லிசு இரும்பு நாரும் போட்டு தேச்சதுல போயிடுச்சு. அப்புறம் ஸ்பாஞ்ச மொத்தமா பிச்சு எறிஞ்சுட்டு குழல் சாயற இடத்துல மட்டும் மரக்கட்டைல பள்ளம் வெட்டி வச்சேன். மலைல இருக்கறவங்க லாக்கர் வந்த அன்னிக்கே இத பண்ணிடுங்க.

இன்னொண்ணு, பழைய துப்பாக்கி கூட தோல் உறையோ கேன்வாஸ் உறையோ இருக்கும், பாசத்துல அந்த உறையோடவே லாக்கருக்குள்ள வைக்காதீங்க, தோலு ஈரத்த இழுத்து துரு ஏத்தறதுல ஸ்பாஞ்சுக்கு அண்ணன். சிலிக்கா ஜெல் போடுங்க, நீலமா இருக்கறது ஈரம் குடிச்சா ரோஸ் ஆகும், அப்ப எடுத்து சூடு காட்டுனா திரும்ப நீலமாகும், சமைக்கிற பாத்திரத்துல மட்டும் வறுக்காதீங்க. எங்க ஊர்ல ரிட்டயர்டு சுபேதார் மாமா ஒருத்தர் இருக்காரு, வெலிங்டன்ல ட்ரெய்னிங் எடுத்து சர்வீஸ் முடிச்சுட்டு பேங்க் காவலுக்கு போயிட்டு இருந்தவர், துப்பாக்கி விஷயத்துல அவர் சொன்னா நான் மறு பேச்சு பேச மாட்டேன். அவர் வந்து பாத்துட்டு, "மாப்ள, தலைகீழா நிக்க வைப்பா"னாரு. நேரா நிக்க வச்சா குழலுக்கும் சுடற இயந்திர பாகமான ஆக்‌ஷனுக்கும் போடற எண்ணெய் மெல்ல மெல்ல எறங்கி கட்டைக்குள்ள ஊறி, கட்டை கறுத்து மெத்து மெத்துனு ஆயிடுமாம், பழைய துப்பாக்கிங்கள்ல கட்டை விரிசல் விடறதுக்கு அதுவும் ஒரு காரணமாம். இப்ப குழல் கீழ, கட்டை மேல, அடில ஒரு ரப்பர் தட்டு. லாக்கர்காரங்க குடுத்த ஸ்டாண்டு இதுக்கு தோதா இல்ல, அதையும் மாத்த வேண்டியதாப் போச்சு.

பூட்டு பத்தி. டிஜிட்டல் லாக் வேலை செய்யுது, சத்தம் கம்மி, கதவு நல்லா கெட்டியா உக்காருது, மூணு பக்கமும் போல்ட்டு எறங்குது. ஆனா வாங்குன உடனே பேக்டரி கோட மாத்துங்க, மேனுவல்ல அச்சடிச்ச அதே நம்பர்லயே எத்தன வீட்டு லாக்கர் ஓடுதோ. பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி நம்பர் வேண்டாம், வீட்டுல இருக்கற பசங்க முதல்ல அதைத்தான் அடிச்சுப் பாக்கும், போன் பேட்டர்ன கண்டுபிடிக்கிற பசங்களுக்கு இதெல்லாம் விளையாட்டு. அப்புறம் யாரும் சொல்லாத ஒரு குறை, பட்டன் வெளிர் சாம்பல் கலர்ல இருக்கு, கேரட் தோட்டத்துல இருந்து வந்த கையோட அமுக்குனா எந்த நம்பர அமுக்குறோமோ அதுல மட்டும் அழுக்கு ஏறி பளிச்சுனு காட்டிக் குடுக்குது. அப்பப்ப தொடைக்கணும், கோடும் மாத்தணும். பேட்டரி அல்கலைனே போடுங்க, சாதா பேட்டரி இந்த குளிருக்கும் ஓதத்துக்கும் கசிஞ்சு ஸ்பிரிங்க அரிச்சுடும்.

பேட்டரி செத்தா திறக்க எமர்ஜென்சி சாவி ரெண்டு குடுக்கறாங்க, இங்கதான் எல்லா லாக்கரும் தோக்குது. முப்பதாயிரம் போட்டு இரும்புப் பெட்டி வாங்கிட்டு அந்த சாவிய திரும்ப சாமி ரூம் ஆணில மாட்டுனா அப்பாவோட மர பீரோவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? என்னோடது ஒரு சாவி பேங்க் லாக்கர்ல, இன்னொண்ணு எங்கனு எங்க வீட்டம்மாவுக்கே தெரியாது. அவங்க கோவிச்சுக்கிட்டாங்க, "என்னையே நம்பலயா?"ன்னாங்க. நம்பிக்க விஷயமே இல்லம்மா, லைசென்ஸ்ல யார் பேரோ அவங்கதான் வச்சிருக்கலாம், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா போலீஸ் உன்னையும் கேக்கும்னு சொன்னேன். அரை மனசா சரினாங்க, இன்னும் முழுசா ஒத்துக்கல.

உள்ள மேல் தட்டுல தோட்டா வைக்க தனிப் பெட்டி இருக்கு, அந்தப் பூட்டு டேபிள் டிராயர் பூட்டு, ஹேர்பின் போதும். இவ்வளவு ஸ்டீல் போட்டவங்களுக்கு ஒரு நல்ல பூட்டு போட மனசு வரல. எப்படியும் தோட்டாவ துப்பாக்கி கூட வைக்கக் கூடாது, வேற ரூம்ல வேற பீரோவுல பூட்டி வைங்க, அதனால அந்தப் பெட்டில நான் லைசென்ஸ் புக்கும் கேட்ரிட்ஜ் வாங்குன பில்லும் வச்சிருக்கேன். தோட்டான்னு சொன்னதும் ஒண்ணு, பழைய எஸ்டேட் காலத்து துப்பாக்கி வச்சிருக்கறவங்க சேம்பர் நீளத்த, அதாவது குழல்ல தோட்டா உக்கார்ற இடத்தோட நீளத்த பாத்துக்கோங்க, 65 மி.மீ. சேம்பர்ல 70 மி.மீ. கேட்ரிட்ஜ் உள்ள போயிடும், ஆனா வெடிச்சு விரியறப்ப முன்னாடி இடம் இல்லாம பிரஷர் ஏறும். குழல்ல பாம்புத் தோல் மாதிரி டிசைன் ஓடுனா அது இரும்புப் பட்டைய முறுக்கி செஞ்ச பழைய டமாஸ்கஸ் குழலா இருக்கலாம், அதுல இப்ப வர்ற கேட்ரிட்ஜ போடறதுக்கு முன்னாடி தெரிஞ்ச ஆள்கிட்ட கண்டிப்பா காட்டுங்க.

சரி, எதுக்குடா இவ்வளவு பூட்டு, அவசரத்துக்கு எடுக்க முடியலன்னா துப்பாக்கி எதுக்குனு ஒரு கேள்வி வரும். டீக்கடைல இதே கேள்விதான் வந்துச்சு, கேட்டது கூடலூர் பக்கத்துல இருந்து வந்த எங்க பெரியம்மா பையன். அவன் கட்சி, காட்டுப்பன்னி மரவள்ளியவும் இஞ்சியவும் ஒரே ராத்திரில உழுதுட்டுப் போயிடுது, விவசாயிக்கு எல்லாருக்கும் லைசென்ஸ் குடுக்கணும், பக்கத்துல குடகுல பாரு, கொடவ ஆளுங்களுக்கும் பரம்பரையா வர்ற ஜம்மா நிலக்காரங்களுக்கும் லைசென்ஸே தேவையில்ல, 2019ல மத்திய அரசு அத 2029 வரைக்கும் நீட்டி குடுத்துச்சு, கர்நாடகா ஐகோர்ட்டும் 2021ல சரினு சொல்லிடுச்சு, நமக்கு மட்டும் என்னனு. கேரளால 2022ல இருந்து பஞ்சாயத்து தலைவரே பன்னிய சுட உத்தரவு போடலாம், எல்லை தாண்டுனா ஒரு சட்டம் இந்தப் பக்கம் ஒரு சட்டம்னு அவன் எரிச்சல்ல நியாயம் இருக்கு.

ஆனா லைசென்ஸ் கிடைச்சாலும் பன்னிய அவன் சுட முடியாது, அதுதான் நிறைய பேருக்கு ஒறைக்கல. துப்பாக்கி லைசென்ஸ் வேற, வேட்டை அனுமதி வேற, 1972 வனவிலங்கு சட்டம் தனியா நிக்குது. தமிழ்நாட்டுல 2025 ஜனவரில வந்த உத்தரவுல கூட காப்புக்காட்டுல இருந்து ஒரு கி.மீ.க்குள்ள சுடவே கூடாது, ஒண்ணுல இருந்து மூணு கி.மீ. வரைக்கும் பிடிச்சு காட்டுல விடணும், மூணு கி.மீ. தாண்டுனாதான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்கதான். நீலகிரில காப்புக்காட்டுல இருந்து மூணு கி.மீ. தள்ளி இருக்கற தோட்டம் எத்தனனு எண்ணிப் பாருங்க. அதுக்கு மேல சரணாலயத்துல இருந்து பத்து கி.மீ.க்குள்ள புது லைசென்ஸ்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒத்துக்கணும், 34வது பிரிவு, முதுமலைய சுத்தி இருக்கறவங்களுக்கு அது நல்லாவே தெரியும். ஆக மொத்தம் வானத்தப் பாத்து ஒரு வெடி, பன்னி ஓடும், அரை மணி நேரத்துல திரும்ப வரும்.

அந்தக் கோவத்துலதான் சில பேர் நாட்டுத் துப்பாக்கிக்கும் அவுட்டுக்காய்க்கும் போறாங்க. பழத்துக்குள்ள வெடி வச்சு பன்னிக்கு போடறது, யானை வாயில வெடிக்குது, வாய் கிழிஞ்ச யானை பல நாள் பட்டினி கிடந்து சாகுது. இவங்கள காட்டி லைசென்ஸ்காரங்களயும் சேத்து திட்டறவங்க ஒரு கூட்டம், துப்பாக்கின்னாலே ஒழிச்சுடுனு. ரெண்டு பேர்கிட்டயும் நான் கேக்கறது லாக்கர் பத்திதான், ரெண்டு பேருக்கும் அதுல இன்ட்ரஸ்ட் இல்ல.

நம்ம ஊர்ல துப்பாக்கி உரிமை கிடையாது, அனுமதிதான். கூட்டம் கூடற உரிமையவே அரசியல் சட்டம் "ஆயுதம் இல்லாம"னு போட்டுதான் குடுத்திருக்கு. அமெரிக்கால 1791ல இருந்து அது உரிமை, அதனால அங்க பூட்டி வைங்கனு சொல்றதே கோர்ட் கேஸ் ஆகுது. தலைநகர் வாஷிங்டன்ல வீட்டுத் துப்பாக்கிய கழட்டியோ ட்ரிகர் லாக் போட்டோதான் வைக்கணும்னு இருந்த சட்டத்த 2008ல ஹெல்லர் வழக்குல சுப்ரீம் கோர்ட் அஞ்சுக்கு நாலுனு அடிச்சுடுச்சு, தற்காப்புக்கு உடனே எடுக்க முடியாதுன்னு. பெரியம்மா பையன் கேட்ட அதே கேள்வி. ஆனா அதே நாட்டுல மிச்சிகன்ல ஒரு பையன் வீட்டுத் துப்பாக்கிய ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயி 2021ல நாலு பசங்கள சுட்டுக் கொன்னதுக்கு, சரியா பூட்டி வைக்கலன்னு அப்பா அம்மா ரெண்டு பேரையும் குற்றவாளினு 2024ல தீர்ப்பு வந்துச்சு, ரெண்டு பேருக்கும் குறைஞ்சது பத்து வருஷம். அங்க 2021ல துப்பாக்கில செத்த 48,830 பேர்ல 26,328 பேர் தற்கொலை, பாதிக்கு மேல. வெளிய இருந்து வர்ற திருடனவிட உள்ள இருக்கற ஒரு கெட்ட ராத்திரிதான் ஆபத்துனு அந்தக் கணக்கு சொல்லுது. சுபேதார் மாமா சொல்றது இன்னும் நேரா இருக்கும், "கோவம் அஞ்சு நிமிசம், பூட்டு பத்து நிமிசம் புடிக்கணும்". அப்படிப் பாத்தா தோட்டா ஒரு ரூம், துப்பாக்கி ஒரு ரூம், சாவி எங்கயோனு வச்சிருக்கற தாமதம்தான் நான் காசு குடுத்து வாங்குனது. காட்டெருமை வாசல்ல நின்னா கதவ சாத்திட்டு உள்ள இருக்கறது போதும், அது பாட்டுக்கு போயிடும்.

ஏர்கன் கேக்கற பசங்க வீட்டுக்கும் சொல்றேன், எங்க அக்கா பையன் நச்சரிக்கிறான். .177 போர், 20 ஜூலுக்கு மேல போகாததுன்னா லைசென்ஸ் வேண்டாம், உண்மைதான், ஆனா குருவிய அடிச்சா வனவிலங்கு சட்டம் அதுக்கும் உண்டு. அருணாச்சலப் பிரதேசத்துல 2021ல ஏர்கன திருப்பிக் குடுங்கனு அரசாங்கமே இயக்கம் நடத்துச்சு, காடு அவ்வளவு அமைதியாயிடுச்சாம். வாங்கிக் குடுத்தா அதுவும் இதே லாக்கருக்குள்ளதான், காலியா இருக்கற ஸ்லாட்டுக்கு அப்படி ஒரு வேலை.

எலெக்‌ஷன் வந்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்க சொல்லுவாங்க, அங்க லாக்கர் நம்மளது இல்ல, வாரக்கணக்குல இருக்கும். குடுக்கறதுக்கு முன்னாடி குழல் உள்ள வெளிய நல்லா எண்ணெய் போட்டு, நம்பரோட ரசீது வாங்கி, போன்ல நாலு போட்டோ எடுத்துக்கோங்க.

வாங்கலாமானு கேட்டா, பாடி நல்லா இருக்கு, வாங்கலாம், ஸ்பாஞ்ச பிக்கற செலவும் ஸ்டாண்டு மாத்தற செலவும் சேத்து கணக்கு போட்டுக்கோங்க. சமவெளில இருக்கறவங்களுக்கு அந்த தலைவலி அவ்வளவா இருக்காது. இதே லாக்கர் டிஜிட்டல் இல்லாம வெறும் சாவிப் பூட்டோட கொஞ்சம் கம்மி விலைல இருக்கு, சாவிய ஒழுங்கா வைக்கிற ஆளுன்னா அதே போதும், பேட்டரி தொல்லையும் இல்ல. அஞ்சுக்கு மூணரை ஸ்டார், உள் பெட்டிக்கு உருப்படியா ஒரு பூட்டு போட்டு விட்டாங்கன்னா நாலு.